ரேடியோ சொல்லாத பேர்

அந்தக் காலத்துப் பாட்டுதான் பாட்டு, இந்தக் காலத்துப் பாட்டு வெறும் கூச்சல் என்கிற பேச்சு எல்லா ஊரிலும் உண்டு. தேசூர் டீக்கடையிலும் உண்டு. பேரப்பிள்ளையின் செல்போனில் அனிருத்தோ அறிவோ பாடினால் என் வயசுக்காரர்கள் முகம் சுளிக்கிறார்கள். டி.எம்.எஸ். மாதிரி வருமா, சுசீலா மாதிரி வருமா, இளையராஜா மாதிரியாவது வருமா? இப்படிக் கேட்கிறவர்களின் அப்பன்மார்தான் 1976இல் 'அன்னக்கிளி' வந்தபோது, "இன்னாடா இது, மோளத்தைக் கொண்டாந்து சினிமாவுல வெச்சிட்டான்" என்று முகம் சுளித்தவர்கள். இவர்கள் பேசுகிற 'அந்தக் காலம்' முப்பது வருசத்துக்கு ஒரு தரம் இடம் மாறிக்கொண்டே இருக்கிறது.

எது இனிமை, எது கூச்சல் என்று தீர்ப்புச் சொல்லும் இடத்தில் நம்மை யாரும் உட்கார வைத்ததில்லை. பழைய நட்சத்திரத்தையும் புது நட்சத்திரத்தையும் ஒப்பிடுவதென்றால் நாம் வேறு கேள்வியிலிருந்துதான் தொடங்க முடியும். பாட்டுக்குப் பக்கத்தில் யார் பேர் எழுதப்பட்டது?

இந்தக் கேள்வி எனக்கு ஒரு தறிக்கூடத்தில் வந்தது. ஆரணிப் பக்கத்துப் பட்டுத்தறியை அறிந்தவர்களுக்குத் தெரியும், கரையும் உடலும் வேறு நிறமாக வரும் சேலைக்கு ஒரு ஆள் போதாது. கரைக்குத் தனி நாடா, அதை வீசத் தனி ஆள். அந்த ஆள் அந்தக் காலத்தில் பெரும்பாலும் ஒரு சின்னப் பிள்ளை. எங்கப்பா வாங்கிய முன்பணத்துக்காகப் பத்து வயசில் நான் அப்படி ஒரு தறியில் உட்கார்ந்தேன். தறிக்கூடம் வரை வரலாம், அடுப்படிப் பக்கம் போகக்கூடாது. சுவர் மாடத்தில் ரேடியோ, அதில் இலங்கை வானொலி. ஒவ்வொரு பாட்டுக்கும் முன்னால் படத்தின் பேர், பாடியவர், எழுதியவர், இசையமைத்தவர் என்று வரிசையாகச் சொல்வார்கள். ஒரே பாட்டுக்கு இத்தனை பேரா என்று எனக்கு ஆச்சரியம்.

ஆச்சரியத்துக்குக் காரணம் இருந்தது. இருட்டிய பிறகு சேரிக்குத் திரும்பினால் அங்கேயும் பாட்டுதான். எங்க ஆயா நடவுப் பாட்டும் பாடும், தாலாட்டும் பாடும்; ஒப்பாரியில் அதை மிஞ்ச ஆள் கிடையாது. ஊர்த்தெருவில் பெரிய சாவு விழுந்தால் ஆள் அனுப்பிக் கூப்பிடுவார்கள். பந்தலுக்கு வெளியே நின்று மாரடித்துப் பாடும். செத்தவரின் குணம், வயல், மாடு, பிள்ளைகள் எல்லாவற்றையும் அந்த நிமிசத்திலேயே கட்டி, மெட்டில் ஏற்றிப் பாடும். எழுதியதும் அதுதான், இசையமைத்ததும் அதுதான், பாடியதும் அதுதான். கூலி நெல்லும் பழைய புடவையும். மறுநாள் ஊர் சொல்வது, "சேரிப் பொம்பளைங்க வந்து ஒப்பாரி வெச்சாங்க" என்று மட்டும்தான். தாத்தாவுக்கு இதுகூட இல்லை. "மோளத்தைக் கூப்புடு" என்பார்கள். அடிக்கிறவன் பேரும் மோளம், அடிபடுகிற தோலின் பேரும் மோளம்.

இது ஏதோ படிக்காத கிராமத்துப் பழக்கம் என்று தள்ளிவிட முடியாது. படித்தவர்கள் நடத்திய தமிழிசை இயக்கத்தைப் பாருங்கள். 1941இல் அண்ணாமலைப் பல்கலைக்கழகத்தில் மாநாடு, 1943இல் சென்னையில் தமிழ் இசைச் சங்கம். சபாக்களில் தெலுங்குக் கீர்த்தனையே பாடுகிறீர்கள், தமிழில் பாடுங்கள் என்ற கோரிக்கை நியாயமானது, நாமும் கைதட்ட வேண்டியது. தொல்காப்பியம் திணைகளின் கருப்பொருளைச் சொல்லும்போது பறையையும் சேர்த்துத்தான் சொல்கிறது. ஆனாலும் தமிழிசையை மேடையேற்றியவர்கள் பறையை மேடையேற்றவில்லை. தமிழ் உள்ளே போனது, தமிழனின் தோல்கருவி தெருவிலேயே நின்றது.

அதனால்தான் நம் தலைவர்கள் பறையை விடச் சொன்னார்கள். தென்னார்க்காட்டில் எல். இளையபெருமாள் சாவுக்கு மேளம் அடிக்காதே என்று ஊர் ஊராகப் போனார். எங்கள் சேரிப் பையன்களும் கூடிப் பேசி ஒரு நாள் நிறுத்தினோம். சரியான முடிவு, இன்றைக்கும் அதில் மாற்றம் இல்லை. ஆனால் தாத்தா ஒரு வாரம் எங்களோடு பேசவில்லை. நாங்கள் தூக்கி எறிந்த இழிவுக்குள் அவருடைய ஐம்பது வருச வித்தையும் இருந்தது. 1990களில் தலித் கலைவிழாக்களில் பறை திரும்பி வந்தபோது, கூலி இல்லாமல், யாரும் கூப்பிடாமல் நம் மேடையில் நாமே அடித்தபோது, அதைப் பார்க்க அவர் இல்லை. 2025இல் மதுரைப் பக்கத்துப் பறையாசான் வேலு ஆசானுக்குப் பத்மஸ்ரீ கொடுத்தார்கள். பறை அடித்தவர் பேர் அரசாங்கப் பட்டியலில் ஏற இத்தனை காலம் ஆகியிருக்கிறது.

பழைய தலைமுறையில் நான் முதலில் வைக்கும் நட்சத்திரம் பாவலர் வரதராசன். 1958இல் தேவிகுளம் இடைத்தேர்தலில் கம்யூனிஸ்ட் வேட்பாளர் ரோசம்மா புன்னூசுக்காகத் தேயிலைத் தோட்டத் தொழிலாளர்களிடையே பாடியவர். தெரிந்த மெட்டில் அன்றைய அரசியலை ஏற்றிப் பாடுவார். எங்க ஆயா சாவு வீட்டில் செய்ததும் அதுதானே! அவருடைய மேடைகளில் ஆர்மோனியம் பிடித்த தம்பியின் பேரைத்தான் 1976க்குப் பிறகு ரேடியோ ஓயாமல் சொன்னது. இன்றும் பலருக்குப் பாவலர் 'இளையராஜாவின் அண்ணன்'.

தம்பியின் கதையும் எளிதல்ல. 2024 டிசம்பரில் ஸ்ரீவில்லிபுத்தூர் ஆண்டாள் கோயிலில் அர்த்த மண்டபத்துக்குள் காலெடுத்து வைத்தவர், வெளியே நின்று மரியாதை வாங்கிக்கொண்ட காட்சி நாடு முழுக்க ஓடியது. அர்ச்சகர் முதலான சிலரைத் தவிர மற்றவர்களுக்கு அங்கே அனுமதியில்லை என்று நிர்வாகம் விளக்கியது. தன் சுயமரியாதையை விட்டுக்கொடுக்கிறவன் அல்ல, செய்தி வதந்தி என்று அவரும் மறுத்தார். மூன்று மாதம் கழித்து, 2025 மார்ச்சில், லண்டனில் தன் சிம்பொனியை அரங்கேற்றினார். தன்னை எப்படிச் சொல்லிக்கொள்வது என்பது அவர் உரிமை. அந்தக் காட்சியைச் சேரி எப்படிப் பார்த்தது என்பது எங்கள் உரிமை.

கே.ஏ.குணசேகரனைச் சொல்லாமல் போக முடியாது. இன்குலாப் எழுதிய 'மனுசங்கடா' அவர் குரலில்தான் ஊர் ஊராகப் போனது. கேசட்டிலிருந்து கேசட்டுக்குப் பதிந்து, அட்டை கிழிந்து, பேர் அழிந்து எங்களிடம் வந்த பாட்டு. நாடறிந்த கவிஞர் எழுதியதை நாட்டுப்பாடல் என்றே நினைத்துப் பாடியவர்கள் உண்டு. சினிமாவில் இது தலைகீழாக நடக்கும். பேரில்லாத கிழவியின் மெட்டுக்கு மேலே ஒரு பேர் வந்து உட்காரும்.

இப்போது இன்றைய நட்சத்திரத்துக்கு வருவோம். 2021 மார்ச்சில் 'எஞ்சாய் எஞ்சாமி' வந்தது. அறிவும் தீயும் பாடியது, சந்தோஷ் நாராயணன் தயாரித்தது. இலங்கைத் தேயிலைத் தோட்டத்தில் உழைத்து ஊர் திரும்பிய தன் பாட்டி வள்ளியம்மாளின் கதையைத்தான் அறிவு அதில் வைத்தார். ஒப்பாரியும் அதற்குள்ளே இருக்கிறது. அதே ஆண்டு ஆகஸ்டில் ரோலிங் ஸ்டோன் இந்தியா இதழின் அட்டையில் தீயும் ஷான் வின்சென்ட் டி பாலும் இருந்தார்கள். அறிவு இல்லை. பா.ரஞ்சித் முதலானோர் கேட்ட பிறகுதான் இணைய அட்டையில் அறிவு வந்தார். 2022 ஜூலையில் செஸ் ஒலிம்பியாட் தொடக்க விழாவில் அதே பாட்டு பாடப்பட்டபோதும் மேடையில் அறிவு இல்லை. நான் எழுதினேன், மெட்டமைத்தேன், பாடினேன் என்று அவர் எழுத, மூவரும் சேர்ந்து செய்த பாட்டு என்று சந்தோஷ் நாராயணன் பதில் எழுதினார். யார் எவ்வளவு என்று அளக்க என்னிடம் தராசு இல்லை. அட்டையில் விடுபட்டது யார் முகம் என்பதற்குத் தராசு வேண்டாம்.

அமெரிக்காவில் 1952இல் பிக் மாமா தார்ன்டன் என்ற கறுப்பினப் பெண் பாடிப் பதிந்த 'ஹவுண்ட் டாக்' 1956இல் எல்விஸ் பிரெஸ்லியின் பாட்டாக உலகம் சுற்றியது. இன்றும் முதலில் நினைவுக்கு வருவது எல்விஸ்தான்.

ஆனால் அறிவு ஒரு வேலை செய்தார். 2024இல் வந்த தன் இசைத்தொகுப்புக்கு 'வள்ளியம்மா பேராண்டி' என்று பேர் வைத்தார். டி.எம்.எஸ். காலத்து ரேடியோ சொல்லாத பேர், இசைத்தட்டின் மேலேயே ஏறிவிட்டது. டீக்கடையில் கூச்சல் என்கிறவர்களிடம் நான் சொல்வது இதைத்தான். பணம் வேறு கதை: கோடிக்கணக்கான முறை பார்க்கப்பட்ட 'எஞ்சாய் எஞ்சாமி'க்காகத் தங்கள் மூவருக்கும் வெளியீட்டு நிறுவனத்திலிருந்து பைசா வரவில்லை என்று அதே 2024 மார்ச்சில் சந்தோஷ் நாராயணனே சொன்னார்.

எங்கள் பக்கம் ஒப்பாரி பாடுகிற கிழவிகள் இன்னும் ஒன்றிரண்டு பேர் இருக்கிறார்கள். போன மாசி மாதம் ஒரு கல்லூரி மாணவர் வந்து செல்போனில் பதிந்தார். 'ஒப்பாரி 1', 'ஒப்பாரி 2' என்று பேர் கொடுத்திருந்தார். அதை அழித்துவிட்டுப் பாடியவங்க பேரைப் போடு தம்பி என்றேன். "எம் பேரா, அது இன்னாத்துக்கு?" என்று கிழவி சிரித்தது. கொஞ்ச நேரம் கழித்து, "இதுக்குக் கூலி எவ்ளோ தருவாங்கோ?" என்று கேட்டது. தம்பியிடம் பதில் இல்லை.