ஜூன் 20-இல் இருக்க முடியாத உத்தரவுகள்

ஆன் ஃபிராங்கின் நாட்குறிப்பில் 1942 ஜூன் 20 என்று தேதியிட்ட பதிவு ஒன்று உண்டு. ஆம்ஸ்டர்டாம் யூதர்களின் அன்றாட வாழ்வை நாஜிகள் எப்படியெல்லாம் நெருக்கினார்கள் என்று அதில் வரிசையாக வருகிறது: மஞ்சள் நட்சத்திரம், சைக்கிள், டிராம், பிற்பகல் 3 முதல் 5 மணி வரைதான் கடை, இரவு 8 மணிக்குமேல் வெளியே தலைகாட்டக் கூடாது. ஒவ்வொரு தடையும் எப்போது வந்தது என்று தேடத் தொடங்கினேன்.

அதிகம் புரட்டியது 'யோட்ஸே வேக்பிளாட்' என்ற வார இதழை. 1941 ஏப்ரலில் தொடங்கிய இதை யூத மன்றம் நடத்தியது. பல உத்தரவுகள் இதன் வழியாகவே யூதர்களுக்குப் போய்ச் சேர்ந்தன. பக்கத்து வீட்டு டச்சுக்காரர் கண்ணில் அவை படாமலே போயிருக்கும். தடைகளைவிட இந்த ஏற்பாடுதான் என்னைக் கலங்கடித்தது.

1941 ஜனவரியில் சினிமா போயிற்று. அதனால்தான் ஆனின் பதிமூன்றாவது பிறந்தநாளுக்கு வீட்டிலேயே படம் போட்டார்கள். செப்டம்பர் 15-இல் பூங்கா, உணவகம், நூலகம். நட்சத்திர உத்தரவு 1942 ஏப்ரல் 29-இல் வந்து மே 3-இல் அமலானது. ஆளுக்கு நான்கு; ஒன்று நான்கு சென்ட். துணிக் கூப்பனும் கொடுக்க வேண்டும். தன்னை ஒதுக்கிவைக்கும் அடையாளத்தைத் தானே காசு கொடுத்து வாங்கித் தைத்துக்கொள்ள வேண்டும்!

இதுவரை தேதிகள் பொருந்தின. டிராம், கடை நேரம், 8 மணி ஊரடங்கு ஆகியவற்றில்தான் இடறியது. எஸ்எஸ் தலைமை அதிகாரி ரவுட்டரின் அந்த உத்தரவு ஜூன் 30-இல் வந்தது. பதிவின் தேதிக்குப் பத்து நாள் கழித்து!

யூதப் படுகொலையே நடக்கவில்லை என்பவர்களுக்கு இப்படியொரு முரண் போதும். விடை தெரியாமல் விட எனக்கு மனமில்லை.

டச்சுப் போர் ஆவண நிறுவனம் 1986-இல் வெளியிட்ட ஆய்வுப் பதிப்பில் அது கிடைத்தது. ஆன் முதலில் எழுதியது, பின்னர் திருத்தி எழுதியது, தந்தை ஓட்டோ தொகுத்தது மூன்றும் அதில் அடுத்தடுத்து இருக்கின்றன. தடைப் பட்டியல் வருவது இரண்டாவதில். 1944 மார்ச் 28 அன்று லண்டன் வானொலியில் டச்சு அமைச்சர் போல்கஸ்டைன் பேசினார். போர்க்கால நாட்குறிப்புகளையும் கடிதங்களையும் பாதுகாத்து வையுங்கள் என்றார். அதைக் கேட்ட ஆன், மே 20 முதல் தனித்தாள்களில் எல்லாவற்றையும் புத்தகமாக்கும் எண்ணத்தோடு திருத்தி எழுதினாள். முன்கதை அறியாத வாசகருக்காக, துண்டு துண்டாக வந்த தடைகளை ஒரே இடத்தில் சேர்த்தாள். இரண்டு ஆண்டுகள் கழித்து, மறைவிடத்தில், பதினான்கு வயதில் அவள் செய்த தொகுப்பு வேலை அது. எனக்கு அதில் பொய் தெரியவில்லை, ஓர் எழுத்தாளரின் தீர்மானம் தெரிகிறது.

1942 ஜூலை 6 அன்று குடும்பம் தலைமறைவானது. அக்கா மார்கோட் முன்னதாகவே சைக்கிளில் போய்விட்டாள். டிராமில் ஏற முடியாததால் மற்ற மூவரும் கொட்டும் மழையில் நடந்தார்கள். பெட்டி தூக்கினால் சந்தேகம் வருமென்று துணிமேல் துணி உடுத்தியிருந்தார்கள். வேலைக்குப் போகிறவர்கள் இரக்கத்தோடு பார்த்தார்கள், ஆனால் வண்டியில் ஏற்றிக்கொள்ள முடியவில்லை என்று ஆன் எழுதுகிறாள். ஜூலை 9 தேதியிட்ட அந்தப் பதிவில் சிக்கல் எதுவும் இல்லை. டிராம் தடை வந்து அப்போது ஒன்பது நாள் ஆகியிருந்தது.