நேரே செல்லும் கப்பலும் விமானமும் ஏன் விலகுகின்றன?

2017 ஆகஸ்ட் 21, அதிகாலை 5.24 மணி. சிங்கப்பூர் நீரிணையை நெருங்கிக்கொண்டிருந்த 'ஜான் எஸ். மெக்கெய்ன்' என்ற அமெரிக்கப் போர்க்கப்பல் இடப்பக்கம் விலகி, 'அல்னிக் எம்சி' என்ற எண்ணெய்க் கப்பலின் பாதைக்குள் நுழைந்தது. அந்த மோதலில் 10 கடற்படையினர் உயிரிழந்தனர். நேராகச் சென்ற கப்பல் எப்படி விலகியது? முதலில் விலகல் என்றால் என்ன என்று பார்ப்போம்.

இருவகை விலகல்

சாலையில் ஓடும் காருக்குத் தரையின் பிடிமானம் உண்டு. கடலிலும் வானிலும் அது இல்லை. அங்கே விலகல் இரண்டு வகைப்படும். ஒன்று, முன்முனையே வேறு திசைக்குத் திரும்புவது. மற்றொன்று, முன்முனை சரியான திசையை நோக்கியிருக்க, முழு உடலும் பக்கவாட்டில் தள்ளப்படுவது. ஆற்றை நேர் எதிராகக் கடக்கும் சம்பான், நீரோட்டத்தால் சற்றுக் கீழே போய்க் கரை சேர்வது இந்த இரண்டாவது வகை.

வானில்

பக்கக் காற்று வீசும்போது விமானி, காற்று வரும் பக்கம் மூக்கைச் சிறிது திருப்பிவைத்துப் பறக்கிறார். மூக்கு ஒரு பக்கம் பார்க்க, விமானம் நேர்க்கோட்டில் செல்லும். பக்கவாட்டில் நடக்கும் நண்டின் பெயராலேயே விமானிகள் இதனை அழைக்கின்றனர். தரையிறங்கும் தறுவாயில் வால்பகுதிச் சுக்கானைக் கொண்டு மூக்கை ஓடுபாதைக்கு நேராகக் கொண்டு வருவர்.

இரட்டை இயந்திர விமானத்தில் ஓர் இயந்திரம் நின்றுபோனால், நின்ற இயந்திரம் உள்ள பக்கமாக மூக்கு திரும்பும். அதனையும் அதே சுக்கான்தான் சமாளிக்கிறது.

சிறு பிழையும் தூரத்தில் பெரிதாகும். ஒரு பாகை விலகினால், 60 கடல் மைலில் ஒரு கடல் மைல் தள்ளிப் போய்விடும். கோலாலம்பூரிலிருந்து பினாங்கு வரையிலான சுமார் 300 கிலோமீட்டரில் அது ஏறத்தாழ 5 கிலோமீட்டர்.

கடலில்

கப்பலை நீரோட்டமும் காற்றும் அலையும் தள்ளுகின்றன. கொள்கலன்களை உயரமாக அடுக்கிய கப்பல், காற்றுக்குப் பாய்மரம் போலாகிவிடும். குறுகிய கால்வாயில் கரையை ஒட்டிச் சென்றால், பின்பகுதி கரைப் பக்கம் இழுக்கப்பட்டு முன்முனை எதிர்ப்பக்கம் திரும்பும். பெரிய கப்பல் உடனே திருந்தாது. சுக்கானைத் திருப்பிய பிறகும் அதன் எடை பழைய திசையிலேயே கொண்டு செல்லும்.

அன்று நடந்தது

மெக்கெய்ன் கப்பலைத் திசை மாறாமல் வைத்திருக்க, மாலுமி சுக்கானை 1 முதல் 4 பாகை வரை வலப்பக்கம் பிடித்துக்கொண்டிருந்தார். அவர் வேலையைக் குறைக்க, வேகக் கட்டுப்பாட்டை மட்டும் அருகிலிருந்தவரிடம் மாற்றும்படி தலைவர் உத்தரவிட்டார். தொடுதிரையில் செய்த அந்த மாற்றத்தில், சுக்கான் கட்டுப்பாடும் சேர்ந்து போய்விட்டது. சுக்கான் நடுநிலைக்குத் திரும்பியது. வலப்பக்கப் பிடி விட்டுப்போனதும் கப்பல் இடப்பக்கம் சாயத் தொடங்கியது. சுக்கான் பழுதாகிவிட்டதென மாலுமி நினைத்தார். வேகத்தைக் குறைத்தபோது இடப்பக்க உந்துவிசிறி மட்டுமே குறைந்ததால் திருப்பம் இன்னும் கூடியது. நிலைமை புரிந்து கட்டுப்பாட்டை மீட்பதற்குள் நேரம் கடந்துவிட்டது.

போதிய பயிற்சி இல்லாததும், குழப்பம் தரும் தொடுதிரை அமைப்பும் விசாரணைகளில் சுட்டிக்காட்டப்பட்டன. வேகக் கட்டுப்பாட்டுக்குத் தொடுதிரைக்குப் பதிலாகக் கைப்பிடிகளை மீண்டும் பொருத்த அமெரிக்கக் கடற்படை 2019இல் முடிவெடுத்தது.

கடலிலும் வானிலும் விலகல் எப்போதும் உண்டு. அதைச் சரிசெய்யும் கை ஓயாமல் வேலை செய்வதால்தான் பயணம் நேராகத் தெரிகிறது. அந்தக் கட்டுப்பாடு யாரிடம் இருக்கிறது என்பதை எல்லாரும் அறிந்திருக்க வேண்டும் என்பதே அன்றைய விபத்து தந்த பாடமாகும்.