கரண்ட் எப்போ வரும்?

2012-ம் வருடம், ஜூலை 31. வடக்கு, கிழக்கு, வடகிழக்கு என்று இந்தியாவின் மூன்று மின்தொகுப்புகள் பட்டப்பகலில் படுத்துவிட்டன. சுமார் 60 கோடிப் பேர் வாழும் நிலப்பரப்பு! ஆனாலும், அன்று இரவுக்குள் பெரும்பாலான ஊர்களில் விளக்கு எரிந்தது.

இப்போது 2018, நவம்பர் 16-க்கு வாருங்கள். விடிவதற்குள் கஜா புயல் நாகப்பட்டினத்துக்கும் வேதாரண்யத்துக்கும் நடுவே கரையேறி, தஞ்சை, திருவாரூர், புதுக்கோட்டை வரை துவைத்துப் போட்டது. டெல்டாவின் பல கிராமங்களுக்கு மின்சாரம் திரும்ப வாரக்கணக்கில் ஆனது.

60 கோடிப் பேருக்கு ஒரு நாள், பேராவூரணிக்காரருக்கு மட்டும் பல வாரமா? 'எல்லாம் ஈ.பி. ஆபீஸ் அலட்சியம்' என்று சொல்லிவிட்டுப் போவது சுலபம். விஷயம் அதுவல்ல.

2012-ல் நின்றுபோனது மின்சாரம்தான். கம்பங்கள் அப்படியே நின்றன. அனல்மின் நிலையத்தைக் கிளப்புவதற்கே மின்சாரம் வேண்டும். நீர்மின் நிலையத்துக்கு அந்தத் தொல்லை கிடையாது. மதகைத் திறந்தால் தண்ணீரே டர்பைனைச் சுற்றிவிடும். அங்கே பிறக்கும் மின்சாரத்தையும், விழாமல் தப்பித்த பக்கத்துத் தொகுப்பின் மின்சாரத்தையும் வைத்து ஒவ்வொரு நிலையமாக எழுப்பினார்கள். ஒரு அகலில் இருந்து அடுத்த அகலுக்குச் சுடர் ஏற்றுகிற மாதிரி.

கஜாவில் கதையே வேறு. ஒரு லட்சத்துக்கும் மேலான கம்பங்கள் சாய்ந்து கிடந்தன. ஏற்றுவதற்கு அகலே இல்லை!

இன்று 'ஸ்மார்ட் கிரிட்' என்கிறார்கள். கோளாறு எங்கே என்று கருவியே கண்டுபிடிக்கும். அந்தத் துண்டை மட்டும் கழற்றிவிட்டு வேறு பாதையில் மின்சாரத்தைத் திருப்பும். நல்ல ஏற்பாடுதான். ஒரு கிளை முறிந்து விழுந்தால் சில நிமிடங்களில் சரியாகும். ஆனால் மாற்றுப்பாதையும் சேர்ந்து தரையில் கிடந்தால் கம்ப்யூட்டர் என்ன செய்யும்?

மனிதர்கள்தான் செய்தார்கள். துணைமின் நிலையம், பெரிய லைன், டிரான்ஸ்ஃபார்மர், தெரு என்று மேலிருந்து கீழாக வர வேண்டும். சம்பா வயலின் சேற்றில் லாரி இறங்காது. கம்பத்தைத் தோளில் சுமந்துபோய் நட வேண்டும். யாராவது ஒருவர் மெயினை அணைக்காமல் வீட்டில் ஜெனரேட்டரை ஓட்டினால், செத்துக் கிடக்கும் கம்பியில் உயிர் வந்து லைன்மேனின் உயிரை எடுத்துவிடும்.

கேரளத்தில் இருந்தும் மின் ஊழியர்கள் வந்தார்கள். மூன்று மாதம் முன்புதான் அவர்களுடைய ஊரே வெள்ளத்தில் மூழ்கி எழுந்திருந்தது என்பதை மறந்துவிடக் கூடாது.

தண்ணீர்த் தொட்டி மோட்டார் ஓடாமல் குடத்தோடு நின்ற பெண்களுக்கு இந்தக் கணக்கெல்லாம் ஆறுதல் தராது. அவர்கள் கோபம் நியாயமானது. அடுத்த புயலுக்கு முன்பே கடற்கரை ஊர்களில் கம்பிகளைத் தரைக்கடியில் கொண்டுபோவதும், கம்பங்களையும் ஆட்களையும் தயாராக வைப்பதும்தான் அதற்கு உருப்படியான பதில்.

அடுத்த முறை கரண்ட் போனால் ஈ.பி. ஆபீஸுக்குத் தாராளமாக போன் போட்டுத் திட்டுங்கள். ஆனால், அதற்கு முன்னால் ஜெனரேட்டர் வைத்திருப்பவர்கள் மெயினை அணைத்தாயிற்றா என்று ஒருமுறை பார்த்துவிடுங்கள்.