மட்டில்டா: கவசத்தை நம்பிய தாங்கி

1940ஆம் ஆண்டு மே 21ஆம் திகதி பிற்பகல். வட பிரான்சின் அராஸ் நகருக்குத் தெற்கே ஜேர்மன் பீரங்கிப் படையினர் தமது 37 மில்லிமீற்றர் தாங்கி எதிர்ப்புப் பீரங்கிகளால் இடைவிடாது சுட்டுக்கொண்டிருந்தனர். குண்டுகள் குறி தவறவில்லை. ஆயினும் எதிரே வந்த பிரித்தானியத் தாங்கிகள் நிற்கவில்லை. இரும்பில் பட்ட கூழாங்கற்களைப் போல குண்டுகள் தெறித்து விழுந்தன. அன்று களத்தில் இறங்கியவை 74 தாங்கிகள் மட்டுமே. அவற்றில் 58 சிறியவை, 16 பெரியவை. இரண்டுக்கும் பெயர் மட்டில்டா.

பெயர் ஒன்றாயினும் இவை இருவேறு இயந்திரங்கள். இரண்டையும் ஈன்றது ஒரே சிந்தனை. அச்சிந்தனை 1930களில் உதித்ததன்று, முதலாம் உலகப் போரின் பதுங்கு குழிகளிலிருந்து வந்தது.

தாங்கி என்ற சொல்லும் அக்காலத்ததே. அந்தப் போரின்போது இவ்வாயுதத்தை இரகசியமாகத் தயாரித்த பிரித்தானியர், விடயம் வெளியே கசியாதிருக்கத் தண்ணீர்த் தாங்கி செய்வதாகச் சொல்லி வைத்தனர். மறைப்புக்கு வைத்த பெயரே ஆங்கிலத்தில் நிலைத்துவிட்டது. தமிழகத்தார் அதை டாங்கி என்று ஒலிபெயர்த்து எழுதுகின்றனர். இலங்கையில் நாம் தண்ணீர் நிரப்பி வைப்பதையும் தாங்கி என்கிறோம், போர்க்களத்தில் உருள்வதையும் தாங்கி என்கிறோம். அந்த இரகசியத்தை அறியாமலே காப்பாற்றி வருபவர்கள் நாம்தான் போலும்.

1934இல் பிரித்தானிய இராணுவத்தின் ஆயுதத் தளபாடங்களுக்குப் பொறுப்பாக வந்தவர் ஜெனரல் ஹியூ எல்லிஸ். 1917 நவம்பரில் கம்பிரே சமரில் தாங்கிப் படைக்குத் தலைமை தாங்கி, தாமே 'ஹில்டா' என்ற தாங்கியில் ஏறி முன்சென்றவர். அவர் கண்ட போரில் தாங்கியின் வேலை, காலாட்படைக்கு முன்னால் அதன் நடை வேகத்தில் ஊர்ந்து, முட்கம்பிகளை மிதித்து, இயந்திரத் துப்பாக்கிகளை அடக்குவது. ஆகவே வேகம் அவசியமில்லை, கவசம் வேண்டும், விலை குறைவாகவும் இருக்க வேண்டும். 1935இல் விக்கர்ஸ் நிறுவனத்தின் வடிவமைப்பாளர் சேர் ஜோன் கார்டனிடம் இந்தக் கோரிக்கை சென்றது. அவர் அவ்வாண்டு டிசம்பரிலேயே விமான விபத்தில் இறந்துபோனார்.

அவரது கையிலிருந்து வந்த முதலாவது மட்டில்டாவின் எடை 11 தொன். முன்கவசம் 60 மில்லிமீற்றர். ஆயுதம் ஒரேயொரு இயந்திரத் துப்பாக்கி. 70 குதிரைவலு கொண்ட போர்ட் மோட்டார் இயந்திரம் மணிக்கு 13 கிலோமீற்றர் வேகத்தையே தந்தது. உள்ளே இருவர். ஒருவர் சாரதி. மற்றவர் கட்டளை அதிகாரி. அவரே துப்பாக்கியைச் சுட வேண்டும், வானொலியில் பேச வேண்டும், எதிரி எங்கே என்றும் பார்க்க வேண்டும். சிக்கனம் மனித உடலின் எல்லையை மறந்துவிட்டது என்றே சொல்லத் தோன்றுகிறது.

இந்தக் குறைகளை உணர்ந்தே இரண்டாவது மட்டில்டா உருவானது. அதைத் தயாரிக்கப் பொறுப்பேற்றது புகையிரத இயந்திரங்கள் செய்துவந்த வல்கன் பவுண்ட்ரி என்ற லங்காஷயர் ஆலை. எடை ஏறத்தாழ 27 தொன். முன்கவசம் 78 மில்லிமீற்றர். சுழல்கோபுரத்தைச் சுற்றிலும் 75. அக்கால ஜேர்மன் தாங்கிகளின் முன்கவசம் 30 மில்லிமீற்றர் அளவிலேயே இருந்தது. பேருந்து வகையைச் சேர்ந்த இரு டீசல் இயந்திரங்கள், ஒவ்வொன்றும் 87 குதிரைவலு. வீதியில் மணிக்கு 26 கிலோமீற்றர், கரடுமுரடான நிலத்தில் அதில் ஏறத்தாழப் பாதி. குழுவில் நால்வர். வளைந்த தடித்த கவசப் பாகங்களை வார்த்தெடுப்பது கடினமானதால் உற்பத்தி நத்தை வேகத்தில் நகர்ந்தது. 1939 செப்டெம்பரில் போர் மூண்டபோது சேவையில் இருந்தவை இரண்டே இரண்டு.

அதன் பீரங்கி 2 இறாத்தல் எனப்பட்ட 40 மில்லிமீற்றர் ரகம். 1940இல் எந்த ஜேர்மன் தாங்கியையும் துளைக்கக்கூடிய நல்ல பீரங்கிதான். ஆனால் அதற்கு வழங்கப்பட்டவை வெடிக்காத உருக்குக் குண்டுகள் மட்டுமே. வெடித்துச் சிதறும் எறிகணை தாங்கிப் படைக்குக் கொடுக்கப்படவில்லை. எதிரியின் பீரங்கிகளை அழிப்பது நமது பீரங்கிப் படையின் வேலை, தாங்கியின் வேலை தாங்கியோடு மோதுவது என்பது இராணுவத்தின் கணக்கு. காலாட்படைக்குத் துணையாகப் படைக்கப்பட்ட வாகனத்திடம், காலாட்படையை வதைக்கும் பீரங்கியை அழிக்க உருப்படியான ஆயுதம் இல்லை.

அராஸில் இந்தக் குறை முழுதாகத் தெரியவில்லை. அங்கே எதிர்ப்பட்டது ரொம்மலின் 7ஆவது பன்சர் டிவிஷன். அவரே பீரங்கி பீரங்கியாக ஓடிச் சுடுமாறு பணித்தார்; அருகில் நின்ற அவரது உதவியாளர் கொல்லப்பட்டார். இறுதியில் 105 மில்லிமீற்றர் பீரங்கிகளும், விமானங்களைச் சுடவென்று செய்யப்பட்ட 88 மில்லிமீற்றர் பீரங்கிகளுமே மட்டில்டாக்களை நிறுத்தின. பிரித்தானியத் தரப்பில் இரு தாங்கிப் படையணிகளின் கட்டளை அதிகாரிகளும் அன்று மாண்டனர். மூன்று நாட்களின் பின் ஜேர்மன் தாங்கிகளை நிறுத்திவைத்த ஹிட்லரின் கட்டளைக்கு அராஸ் அதிர்ச்சியும் ஒரு காரணம் என்பர். எவ்வளவு பெரிய காரணம் என்பதில் வரலாற்றாசிரியர்களிடையே இன்றும் உடன்பாடில்லை.

அவ்வாண்டு டிசம்பர் 9ஆம் திகதி எகிப்திய பாலைவனத்தின் நிபெய்வா முகாமில் இத்தாலியர் பட்ட பாடு இதைவிட மோசம். 4ஆவது இந்திய டிவிஷனுடன் வந்த மட்டில்டாக்கள் அதிகாலையில் முகாமுக்குள் புகுந்தபோது இத்தாலியத் தாங்கிகள் பல இயக்கப்படவே இல்லை. இத்தாலியரிடம் இருந்த எந்தத் தாங்கி எதிர்ப்புப் பீரங்கியாலும் அந்தக் கவசத்தைத் துளைக்க முடியவில்லை. முகாம் தளபதி மலெட்டி போரிட்டு மடிந்தார். பிரித்தானியர் மட்டில்டாவுக்குப் 'பாலைவன ராணி' என்று முடிசூட்டினர்.

ராணியின் ஆட்சி ஆறு மாதமே நீடித்தது. 1941 ஜூன் 15ஆம் திகதி, எகிப்து, லிபியா எல்லையிலுள்ள ஹல்பாயா கணவாயை நோக்கி மட்டில்டாக்கள் ஏறின. ரொம்மல் அங்கே 88 மில்லிமீற்றர் பீரங்கிகளை நிலத்துள் புதைத்து, குழல் மட்டும் வெளியே தெரியும்படி வைத்திருந்தார். அவை ஒரு கிலோமீற்றருக்கு அப்பாலிருந்தே 78 மில்லிமீற்றர் கவசத்தைத் துளைத்தன. மட்டில்டாவின் இயந்திரத் துப்பாக்கி அவ்வளவு தூரத்தில் பயன்படாது. 40 மில்லிமீற்றர் உருக்குக் குண்டோ நேரே பீரங்கியின் மீது பட்டாலொழிய மணலில் புதைந்துபோகும். சுடுபவனைக் கண்டும் திருப்பி அடிக்க முடியாமல் உள்ளே நால்வர். வேகமும் இல்லை, தப்புவதற்கு. கணவாயை நோக்கிச் சென்றவற்றில் பெரும்பாலானவை அன்று காலையே எரிந்தன. பிரித்தானியப் படையினர் அந்தக் கணவாயின் பெயரை ஆங்கிலத்தில் சற்றுத் திரித்து, நரக நெருப்பின் கணவாய் என்றனர்.

பெரிய பீரங்கி பொருத்தலாமே என்று வாசகர்கள் கேட்கக்கூடும். சுழல்கோபுரம் அமரும் வளையத்தின் விட்டம் 54 அங்குலம். 6 இறாத்தல் பீரங்கி அதற்குள் அடங்காது. 1930களில் வரைந்த வட்டம் அது. அதை அகலிக்க முழு வாகனத்தையும் புதிதாக வரைய வேண்டும். ஆயினும் தொழிற்சாலைகள் அதையே செய்துகொண்டிருந்தன. 1943 ஓகஸ்ட்டில் உற்பத்தி நின்றபோது மொத்த எண்ணிக்கை 2,987.

ஆயிரத்துக்கும் மேற்பட்டவை சோவியத் ஒன்றியத்துக்கு அனுப்பப்பட்டன. பக்கக் கவசத்துக்கும் சங்கிலிக்கும் இடையே பனியும் சேறும் இறுகியதால் அங்கே அவை பெரும் சிரமம் கொடுத்தன. ஆவுஸ்திரேலியாவுக்குச் சென்றவற்றின் கதை வேறு. 1943 நவம்பரில் நியூகினியின் சட்டல்பேர்க் மலையில் காலாட்படையோடு காலாட்படையாகக் காட்டுப் பாதையில் ஏறின. ஜப்பானியரிடம் 88 இல்லை. காட்டில் எவருக்கும் வேகம் தேவைப்படவில்லை. சிலவற்றில் 2 இறாத்தலுக்குப் பதிலாக 3 அங்குல ஹொவிட்சரும் வெடிக்கும் எறிகணைகளும் இருந்தன. 1945இல் போர்னியோவில் ஆவுஸ்திரேலியப் படைகள் தரையிறங்கியபோதும் மட்டில்டாக்கள் உடன் இறங்கின. ஐரோப்பாவில் போர் ஏற்கனவே முடிந்திருந்தது. அங்கே அவை எல்லிஸ் 1917இல் கண்டபடியே, நடந்துவரும் படையினருக்கு முன்னால் ஊர்ந்துகொண்டிருந்தன.