கடதாசி ஆலை மூடியபின் ஒரு ஊர்



வாழைச்சேனைக் கடதாசி ஆலையைப் பற்றிப் பேச்சு வந்தால் நம் பக்கத்தில் இரண்டு கட்சிதான். ‘திறக்கணும்’ என்பார்கள் ஒரு சாரார். ‘அது முடிஞ்ச கதை’ என்பார்கள் மற்றவர்கள். இரண்டும் இல்லாமல் வேறொரு வழியில் போன ஊர் ஒன்று இருக்கிறது. அதைச் சொல்லுமுன் நம் ஆலையின் கதையைக் கொஞ்சம் சொல்கிறேன், இளம் பிள்ளைகள் பலருக்கு அது தெரியாது.

டி.எஸ். சேனநாயக்கவின் அமைச்சரவையில் கைத்தொழில் அமைச்சராக இருந்தவர் ஜீ.ஜீ. பொன்னம்பலம். காங்கேசன்துறை சீமெந்து, பரந்தன் இரசாயனம், வாழைச்சேனை கடதாசி என்ற மூன்றும் அவர் பெயரோடு சேர்த்துச் சொல்லப்படுபவை. இங்கே உற்பத்தி தொடங்கியது 1956இல். ஏன் வாழைச்சேனை? வைக்கோல்தான் காரணம். சுற்றிலும் வயல், பக்கத்திலேயே ரயில் பாதை. வைக்கோலை அவிக்கத் தேவையான கோஸ்டிக் சோடா பரந்தனில் இருந்து வந்தது. தமிழர், முஸ்லிம், சிங்களவர் எல்லாரும் ஒரே கூரையின் கீழ் வேலை செய்த இடம் அது.

யுத்தத்தில் பரந்தன் ஆலை நின்றது, நம் ஆலையும் நொண்டியது. ஆனால் யுத்தம் மட்டும்தான் காரணம் என்றால் அது முழுக் கதையல்ல. மரத்தில் கூழ் எடுக்கும் பெரிய ஆலைகள், அவித்த கறுப்புத் தண்ணீரை வற்றவைத்து எரித்து, சோடாவைத் திரும்ப எடுத்துவிடும். வைக்கோலில் சிலிக்கா அதிகம். அது குழாய்களில் படிந்து அந்த வேலையைக் கெடுக்கும். அதனால் மருந்துச் செலவும் கூடும், கழிவுநீரும் கூடும். வைக்கோல் கடதாசிக்கு உலகம் முழுவதும் இருந்த தலைவலி இது.

இப்போது அந்த வேறு ஊர். அமெரிக்காவின் மேய்ன் மாநிலத்தில், கென்னபெக் ஆற்றங்கரையில் இருக்கிறது மெடிசன். அங்கிருந்த கடதாசி ஆலை 2016 மே மாதம் மூடப்பட்டது. 214 பேருக்கு வேலை போனது. அதே மாநிலத்தில் வேறு ஆலைகளும் அடுத்தடுத்து மூடின. மர ஆலைகளில் மிஞ்சும் சிராய்களை வாங்க ஆளில்லாமல் போனது. அப்போதுதான் ஒரு இரசாயனவியலாளரும் ஒரு கட்டடக் கலைஞரும் சேர்ந்து ஒரு திட்டம் போட்டார்கள். அதே கட்டடத்தில், அதே மரத்தில், கடதாசிக்குப் பதில் மரநார் இன்சுலேஷன் செய்வது. வீட்டுச் சூடு வெளியே போகாமல் சுவருக்குள் வைக்கும் அடைப்பு அது. ஜெர்மனியில் நெடுங்காலப் பழக்கம், அமெரிக்காவுக்குப் புதிது.

சொன்ன காலத்தில் நடக்கவில்லை. கொரோனா வந்தது, பணம் திரட்ட இழுபட்டது, 2023இல்தான் முதல் சரக்கு வெளியே வந்தது. புதிய ஆலைக்கு அறிவித்த வேலைகளும் ஏறக்குறைய 120தான். போன 214 திரும்பவில்லை. கடன் பெரியது, சந்தை புதிது. இதையும் சேர்த்தே சொல்ல வேண்டும். இல்லாவிட்டால் விளம்பரமாகிவிடும்.

எனக்குப் பிடித்தது அவர்கள் கேட்ட கேள்வி. ‘பழைய இயந்திரம் ஓடுமா?’ என்று அவர்கள் தொடங்கவில்லை. ‘இந்த ஊரில் இன்னும் என்ன மலிவாகக் கிடக்கிறது, அதை வாங்க யார் இருக்கிறார்கள்?’ என்றே தொடங்கினார்கள்.

நமக்கு அது வைக்கோல். அறுவடை முடிந்ததும் வயலிலேயே கொளுத்துகிறோம். வைக்கோலைச் சூட்டிலும் அழுத்தத்திலும் பலகையாக்குவது 1930களில் சுவீடனில் தொடங்கிய முறை. அவிக்கத் தேவையில்லை, சோடாவும் வேண்டாம். நம் ஈரத்துக்கும் கறையானுக்கும் அது தாக்குப்பிடிக்குமா என்பதைப் பார்த்துத்தான் சொல்லவேண்டும். ஆனால் தேவை இருக்கிறது. தகரக் கூரைக்குக் கீழே பகல் பன்னிரண்டு மணிக்குப் பாடம் எடுத்தவர்களுக்கு அது தெரியும். குளிர்நாட்டில் சூடு வெளியே போகக் கூடாது, நமக்கு உள்ளே வரக் கூடாது, அவ்வளவுதான் வித்தியாசம்.

கடதாசியே வேண்டும் என்பவர்களின் நியாயமும் எனக்கு விளங்குகிறது. 2022 மார்ச்சில் கடதாசி இல்லாமல் மேல் மாகாணத்தில் தவணைப் பரீட்சையைத் தள்ளிப்போட்ட நாடு இது. அந்தச் செய்தியை வாசித்த அன்று எனக்கும் இந்த ஆலைதான் ஞாபகம் வந்தது.

ஒரு வேண்டுகோள். ஆலையில் வேலை செய்த வாப்பா, மூத்தாப்பா யாராவது உங்கள் வீட்டில் இருந்தால், எந்தப் பகுதியில் வேலை, வைக்கோல் எங்கிருந்து எப்படி வந்தது, எந்த இயந்திரம் அடிக்கடி மக்கர் பண்ணியது என்று கேட்டு இங்கே எழுதுங்கள். ஃபோனில் குரலாகப் பதிந்து அனுப்பினாலும் சரி, நான் எழுதிக்கொள்கிறேன்.