கோபுரம் இல்லாத மணிகள்

இங்கிலாந்தில் என் மகன் இருக்கும் இப்ஸ்விச் நகருக்குப் பக்கத்தில் ஈஸ்ட் பெர்கோல்ட் என்று ஒரு கிராமம். ஓவியர் ஜான் கான்ஸ்டபிள் 1776ல் பிறந்த ஊர். அங்குள்ள தூய மரியாள் ஆலயத்தில் ஐந்து மணிகள் உண்டு, ஆனால் மணிக்கோபுரம் கிடையாது. கல்லறைத் தோட்டத்தில், தரையோடு தரையாக, ஒரு மரக்கூண்டுக்குள் அவை இருக்கின்றன.

1525ல் கோபுர வேலையை ஆரம்பித்தார்கள். அதற்குப் பக்கபலமாக இருந்தவர் இப்ஸ்விச்சில் பிறந்த கார்டினல் உல்சி என்பது ஊர்ச் செய்தி. எட்டாம் ஹென்றி மன்னர் முதல் மனைவியை விலக்க நினைத்தபோது போப்பிடம் சம்மதம் வாங்கித் தர உல்சியால் முடியவில்லை. பதவி போனது, 1530ல் அவர் இறந்தும் போனார். கோபுர வேலையும் அதோடு நின்றது. மணிகளை எங்கே வைப்பது? தற்காலிகமாக இருக்கட்டும் என்று 1531ல் இந்தக் கூண்டைக் கட்டினார்கள். அந்தத் தற்காலிகத்துக்கு இப்போது 500 வயது ஆகப்போகிறது!

மற்ற ஆங்கிலக் கோவில்களில் மணியோடு ஒரு பெரிய சக்கரம் இருக்கும். கீழே நின்று கயிற்றை இழுத்தால் மணி முழு வட்டம் சுற்றும். இங்கே சக்கரமும் இல்லை, கயிறும் இல்லை. ஐந்தும் சேர்ந்து சுமார் 4.25 டன். மணியைத் தாங்கும் மேல்கட்டையைக் கையால் பிடித்துத் தள்ளித்தான் ஆட்டுகிறார்கள். ஆளின் பக்கத்திலேயே அத்தனை கனம் ஆடும். கவனம் பிசகினால் ஆபத்து. பழகியவர் சொல்லிக் கொடுத்துத்தான் புதியவர் கற்க முடியும்.

இரண்டாம் உலகப் போரில் அந்த நாடு முழுவதும் மணிகள் மௌனமாக இருந்தன. ஜெர்மன் படை இறங்கினால் மட்டுமே அடிக்க வேண்டும் என்று 1940ல் உத்தரவு. எல் அலமெய்ன் வெற்றிக்காக 1942 நவம்பரில் ஒரு நாள் அடித்தார்கள். 1943ல் தடை நீங்கியது.

மணி வெண்கலத்தில் சுமார் 78 பங்கு செம்பு, 22 பங்கு வெள்ளீயம். வெள்ளீயம் கூடுவதால்தான் அந்த நாதம். ஆனால் அதே காரணத்தால் அடி தாங்காமல் கீறல் விடும். கீறல் விட்ட மணியைச் சாதாரணப் பற்றவைப்பு காப்பாற்றாது. அதற்கென்றே உள்ள பட்டறைக்கு அனுப்ப வேண்டும், இல்லையென்றால் உருக்கி மறுபடி வார்க்க வேண்டும். நாக்கு படும் இடம் தேய்ந்தால் மணியைக் கால் வட்டம் திருப்பி மாட்டுவார்கள். அச்சுக்கு எண்ணெய், மரத்துக்குப் பராமரிப்பு, இவையும் ஓயாத வேலை.

நம் கிராமத்துக் கோவில்களில் நாக்கில் கயிறு கட்டி இழுப்பது பல இடங்களில் வழக்கம். இங்கிலாந்திலும் ஒரு காலத்தில் அப்படி இழுத்துப் பல மணிகள் கீறல் விட்டன. நாக்கு மணியைத் தொட்டதும் விலகிவிட வேண்டும். கயிற்றை விடாமல் பிடித்து நாக்கை விளிம்போடு அழுத்தினால், மணி அதிர இடமில்லாமல் விரிசல் விழும். நம் காலத்துக் கோவில்பிள்ளைமார் சுண்டி விட்டதன் அருமை இப்போதுதான் புரிகிறது. முதல் மணி, இரண்டாம் மணி, துக்க மணி என்று கை மாறுவதை வைத்தே நாம் சேதி அறிந்தோம்.

இப்போது சில கோவில்களில் ஒலிபெருக்கியில் பதிவு செய்த மணியோசை வருகிறது. மேலே வெண்கலம் சும்மா தொங்குகிறது. ஈஸ்ட் பெர்கோல்ட்காரர்களுக்குக் கோபுரம் வாய்க்கவில்லை. ஆனால் தள்ளும் ஆள் தலைமுறைதோறும் வாய்த்தார். நமக்குக் கோபுரமும் இருக்கிறது, மணியும் இருக்கிறது. கயிற்றைச் சுண்டிவிடத் தெரிந்த பெரியவர் உங்கள் ஊரில் இருந்தால், இரண்டு பிள்ளைகளை அவரிடம் அனுப்பி வையுங்கள். அவர் இருக்கும்போதே.