கங்கையின் மேல் ஓர் ஊஞ்சல்



அரசர்களின் வரலாற்றை நூல்களிற் படிக்கிறோம். ஒரு பாலத்தின் வரலாற்றை எங்கே படிப்பது? நான் அதை ஒரு நடைப்பயணத்திலே கற்றேன்.

2014ஆம் ஆண்டில், ஓய்வு பெறுவதற்குச் சில ஆண்டுகள் முன்பு, என் பள்ளி மாணவர் சிலரை ரிஷிகேசத்துக்கு அழைத்துச் சென்றிருந்தேன். இமயத்தின் அடிவார மலைகளைப் பிளந்துகொண்டு கங்கை இறங்கிவரும் அப்பள்ளத்தாக்கைச் சுற்றிவர ஒரு வழி உண்டு. மேலைக் கரையிலுள்ள தபோவனத்திலிருந்து புறப்பட்டு, லட்சுமண ஜூலா என்னும் தொங்கு பாலத்தால் ஆற்றைக் கடந்து, கீழைக் கரையோரமாக ஏறத்தாழ 2 கிலோமீட்டர் நடந்து, 1986இல் அமைந்த ராம் ஜூலாவின் வழியே மீண்டோம். 'ஜூலா' என்றால் ஊஞ்சல்.

இலக்குவன் கயிற்றின்மீது கங்கையைக் கடந்த இடம் இது என்பது ஐதிகம். பத்ரிநாதம் செல்லும் பழைய நடைவழி இங்குதான் ஆற்றைத் தாண்டிக் கீழைக் கரையில் தேவப்பிரயாகை நோக்கிச் சென்றது. பல காலம் யாத்திரிகர்களுக்குக் கயிற்றுப் பாலமே கதி. 1889இல் சூரஜ்மல் என்னும் செல்வரின் கொடையால் 284 அடி நீளமுள்ள இரும்புவடப் பாலம் எழுந்தது. 1924 அக்டோபரில் வந்த பெருவெள்ளம் அதனை வாரிக்கொண்டு போயிற்று. பின்னர் 1927 முதல் 1929 வரை கட்டப்பெற்ற 450 அடிப் பாலம், 1930 ஏப்ரல் 11ஆம் நாள் திறக்கப்பட்டது. அதன் அகலம் 6 அடியே. ஆற்றின் நடுவே தூண் கிடையாது. இரு கரைக் கோபுரங்களின்மேல் சென்ற வடங்கள் முழுப் பாரத்தையும் தாங்கின.

பாலத்தருகே இருந்த கல்வெட்டை மாணவர்கள் படித்தார்கள். சூரஜ்மலின் மகன் தந்தையின் நினைவாகப் பெரும்பொருள் உதவியதையும், பாலத்தைக் கடப்போரிடம் சுங்கம் வாங்கப்படாது என்பதையும் அது கூறிற்று.

"ஐயா, சுங்கம் இல்லை என்பதைக் கல்லில் வெட்டித்தான் வைக்க வேண்டுமா?" என்று ஒரு மாணவன் கேட்டான்.

அவ்வேளையில் புற்கட்டைச் சுமந்துகொண்டு ஒரு மூதாட்டி வந்தார். நாங்கள் ஒதுங்கி வழிவிட்டோம். "நாம் ஒரு நாள் கடப்போம், இவ்வம்மையார் நாள்தோறும் கடப்பார். அக்கல் இவருக்காக நிற்கிறது" என்றேன். நல்ல விடை சொல்லிவிட்டதாகவே எண்ணிக்கொண்டேன்.

ஆனால் அது பாதி விடையே என்பது பின்னரே எனக்கு விளங்கியது. 2019இல் பொறியியல் வல்லுநர்கள் சோதித்து, பாலம் தளர்ந்துவிட்டது என்றார்கள். 2020இல் அது முற்றிலும் மூடப்பட்டது. மோட்டார்ச் சாலை மேலைக் கரையில் அமைந்த பிறகு, பத்ரிநாத யாத்திரிகர்களுக்கு அப்பாலம் இன்றியமையாததாக இல்லை. கீழைக் கரையில் வாழ்வோர் நிலை அவ்வாறன்று. எதிர்க்கரையை அடைய அவர்கள் ராம் ஜூலா வரை இறங்கிச் செல்ல வேண்டியதாயிற்று. நாங்கள் மகிழ்ச்சிக்காக ஒருமுறை சுற்றிய வழி, அவர்களுக்கு அன்றாடக் கட்டாயம் ஆயிற்று. காசாக வாங்கப்படாத சுங்கம் காலடிகளாக வாங்கப்பட்டது.

கொடை பாலத்தைக் கட்டும். ஓயாத பராமரிப்பே அதனைக் காக்கும். அவ்விரண்டையும் சேர்த்துச் சொல்லியிருந்தால் என் விடை முழுமை பெற்றிருக்கும்.

மாணவர்களே, அடுத்த முறை உங்கள் ஊர்ப் பாலத்தைக் கடக்கும்போது சற்றே நில்லுங்கள். இது இல்லையேல் எவ்வளவு தொலைவு சுற்ற வேண்டும், யார் சுற்றுவார் என்று கணக்கிடுங்கள். அப்பாலத்தின் வரலாறு அங்கேதான் தொடங்குகிறது.